பதினாறு, ஆறரை, எட்டு

ரெய்னோ ஹெய்க்கினனின் தபால் பெட்டியை
இந்தக் குளிர்காலத்தில் மூன்றாம் முறை சாய்த்தேன்.
ஸ்டியரிங்கை இடது கோடிவரை ஒடித்திருந்தேன்.
முன்சக்கரங்கள் இரண்டும்
ஒழுங்காக இடப்பக்கம் பார்த்துத்தான் நின்றன.
டிராக்டர் மட்டும் நேரே போனது,
பின்னாலிருந்து கூப்பிடுவது காதில் விழாதவர் போல.

புல்வெளி டயர்.
ஜூன் மாதத்துப் புல்லுக்கு வலிக்கக் கூடாதென்று பிறந்தது.
தகடு இறங்கிப் பனியைக் கவ்வியதும்
முன்பாரம் முழுக்கத் தகட்டுக்குப் போய்விடும்,
சக்கரம் சும்மா மிதக்கும்.
தகட்டை வலப்புறம் சாய்த்தால்
வண்டியின் மூக்கு இடப்புறம் நழுவும்.
இதையெல்லாம் விளக்கி ரெய்னோவுக்கு
ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தேன்.
'மன்னிக்கவும்' வரை வந்தது.
அதற்கு மேல் இயற்பியலாகப் போனது.
கிழித்தேன். இதுவும் மூன்றாம் முறை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பழைய செம்புச் சுரங்கத்தின் துளைக்கம்பி ஒன்றைத்
தரையில் அறைந்து
அதன் தலையில் புதுப் பெட்டியை வைத்தார்.
இனி மோதினால் சாய்வது நான்.

ஹான்காக்கில் டெல்மர் கடை.
அளவு சொன்னேன்: பதினாறு, ஆறரை, எட்டு.
கட்டைப் பல் வைத்த டயரை முதலில் உருட்டி வந்தார்.
"பின்னால் போட்டால் ராஜா.
முன்னால் இதற்கு வேலையில்லை,
உங்கள் முன்சக்கரம் இழுப்பதில்லையே."
சங்கிலி?
"போடலாம். நன்றாகத் திரும்பும்.
கராஜ் சிமெண்டும் கூடவே வரும்."
பிறகு, தூசி தட்டி, மேல் தட்டிலிருந்து ஒன்று.
சுற்றிலும் மூன்று வரி, வரப்பு மாதிரி எழும்பி.
வேறொன்றுமில்லை.
"இது பனிமேல் உட்காராது.
வெட்டிக்கொண்டு கீழே இறங்கும்."

முழங்கால் மாற்றியதிலிருந்து
ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே பனி தள்ளும்
என் கிளிஃபர்ட் போனில் கேட்டார்:
"கோடையில் புல்லைக் கீறுமே?"
ஆறு மாதம் பனி, ஒரு மாதம் சேறு.
புல்லைக் கேட்டா டயர் வாங்குவது?
"கேட்டால் என்ன" என்றார்.
வைத்துவிட்டேன்.

மாட்டுவது கடையில் பார்த்தபோது சுலபமாக இருந்தது.
விளிம்பில் உட்காராமல் காற்றையெல்லாம் துப்பியது.
நடுவயிற்றில் பட்டை கட்டி இறுக்கி
மறுபடி அடித்ததில்
துப்பாக்கி போல் ஒரு சத்தம், நாய் கட்டிலுக்கடியில்.
பிறகு வால்வு வழியே
உறையாத நீலத் தண்ணீரை
சொட்டுச் சொட்டாக, இரண்டு மணி நேரம்,
கனம் வேண்டுமே, கனம் இல்லாமல் எது திரும்பும்?

வியாழன் இரவு பதினோரு அங்குலம்.
காலையில் தெருமுனை.
திருப்பினேன்.
திரும்பியது.
ஐம்பத்தெட்டு வருடத்தில் இவ்வளவு நேரடியான பதில்
யாரும் எனக்குத் தந்ததில்லை.
இன்னொரு முறை திருப்பினேன், தேவையே இல்லாமல்.
ஜன்னலில் கிளிஃபர்ட் ஏதோ சைகை காட்டினார்,
பாராட்டோ, புல்லோ.

கேட்காமலே ரெய்னோவின் வாசலுக்குள் நுழைந்தேன்.
கதவுவரை தள்ளினேன். பெட்டியைச் சுற்றி வழித்தேன்.
பின்னோக்கி வந்ததால்
முன்சக்கரத் தடமே கடைசியில் நின்றது:
இருபுறமும் மூன்று மூன்று வரி,
கம்பிக்கு ஒரு சாண் முன்னால் வளைந்து.

அவர் கம்பளிச் சட்டையோடு வெளியே வந்தார்.
என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தடத்தைப் படித்தார்.
பார்த்தார் என்று எழுதியிருக்கலாம். படித்தார்.

"எவ்வளவு ஆச்சு?"
"இரண்டும் சேர்த்தா?"
"சேர்த்து."
சொன்னேன்.
"அதிகம்" என்றபடி உள்ளே போனார்.

எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
பூஜ்யத்துக்கும் கீழே அந்தக் குளிரில்
மனிதர் கதவைச் சாத்தவில்லை.
காபி வாசனை வந்தது.